சொந்த எழுத்தில் பிழை ஏன் கண்ணில் படுவதில்லை?

"சென்னையில் உள்ள தனியார் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் கணக்காளாராகப் பணிபுரிந்த அனுபவம் உண்டு."

வேலை தேடும் ஒருவரின் தன்விவரக் குறிப்பில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அதைப் படித்தீர்கள்; பொருள் புரிந்தது; அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்கள். இப்போது திரும்பப் போய் அதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 'கணக்காளர்' என்ற சொல்லில் ளகரத்துக்கு அடுத்து வேண்டாத ஒரு துணைக்கால் நிற்கிறது. அச்சில் துணைக்காலும் ரகரமும் ஏறக்குறைய ஒரே உருவம். அவை அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண் கண்டுகொள்வதில்லை. முதல் வாசிப்பிலேயே அதைப் பிடித்தவர்களைப் பாராட்ட வேண்டும். பிடிக்காதவர்கள் வருந்த ஒன்றும் இல்லை. வேகமாகப் பொருள் காணப் பழகிய எவருக்கும் நேர்வதுதான் இது.

வேலைக்கான ரெஸ்யூமேயில் பிழை இருந்தால் 'கவனக்குறைவு' என்ற ஒரே சொல்லால் அதை முடித்துவிடுகிறோம். பத்து முறை படித்துப் பார்த்து அனுப்பிய பிறகும் எப்படிப் பிழை தங்கியது என்று அதை எழுதியவரும் தன்னையே நொந்துகொள்கிறார். கடந்த நூற்று நாற்பது ஆண்டுகளாக வாசிப்பை ஆராய்ந்தவர்கள் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்கள். படிப்பது என்ற செயலே, பிழைகளைக் காணாமல் கடந்து போகும்படித்தான் நமக்குள் அமைந்திருக்கிறது.

படிக்கும்போது கண் வரியின் மீது சீராக நகர்ந்து போவதாக நமக்குத் தோன்றும். அப்படி நடப்பதில்லை என்பது 1879 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. ஜெர்மன் உடலியலாளர் ஏவால்ட் ஹெரிங், கண்ணிமையின் மீது ரப்பர் குழாய்களை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளின் ஒலியைக் காதால் கேட்டார். படிக்கிறவரின் கண்ணிலிருந்து விட்டுவிட்டு ஒலி வந்தது. கண் நிற்கிறது, தாவுகிறது, மீண்டும் நிற்கிறது. அதே காலத்தில் பாரிஸில் ஈமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்திலும் இதே முடிவு கிடைத்தது.

ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. ஆங்கில வாசகரின் கண் ஒரு தாவலில் ஏழு முதல் ஒன்பது எழுத்துகளைக் கடக்கிறது. தாவும் அந்தச் சிறு கணத்தில் புதிய காட்சி எதுவும் மூளைக்குச் சேர்வதில்லை. நிற்கும்போதும் முழு வரியும் தெளிவாகத் தெரிவதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழியில் மட்டுமே கூர்மையான பார்வை உண்டு. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இடம்தான் ஒரு நேரத்தில் துல்லியமாகத் தெரிகிறது. அதைச் சுற்றியுள்ளதெல்லாம் மங்கல்.

எல்லாச் சொற்களின் மீதும் கண் நிற்பதும் இல்லை. ஆங்கிலத்தில் பொருள் தாங்கிய சொற்களில் ஏறத்தாழ 85 சதவீதத்தின் மீது கண் நேராக நிற்கிறது. 'தி', 'ஆஃப்', 'இன்' போன்ற துணைச் சொற்களில் 35 சதவீதத்தின் மீதுதான். மற்றவற்றை ஓரப் பார்வையிலும் ஊகத்திலும் கடந்துவிடுகிறோம்.

1975இல் ஜார்ஜ் மக்கான்கியும் கீத் ரேனரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வாசகரின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கணினி பின்தொடர்கிறது. கண் நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு சிறு சாளரம் அளவுக்கு மட்டும் உண்மையான எழுத்துகள் திரையில் இருக்கும். மீதி வரி முழுவதும் 'எக்ஸ்' எழுத்துகள். கண் நகர நகரச் சாளரமும் நகரும். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் திரை வெறும் குப்பை. படிப்பவருக்கோ, சாளரம் போதிய அகலம் இருந்துவிட்டால், படிக்கும் வேகம் குறைவதே இல்லை. அந்த அகலம் ஆங்கிலத்தில் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்து. ஒரு பக்கம் முழுவதையும் 'பார்த்ததாக' நாம் நம்புவதெல்லாம் இந்தச் சாளரத்தின் வழியே கிடைத்த துண்டுகளை மூளை சேர்த்துக் கட்டியதுதான்.

கட்டும்போது மூளை தன் கைச்சரக்கையும் சேர்க்கிறது. 1897இல் அமெரிக்க உளவியலாளர் வால்டர் பில்ஸ்பரி, ஓர் எழுத்தை மாற்றியோ நீக்கியோ சொற்களைத் தட்டச்சு செய்து, கண நேரம் மட்டும் காட்டினார். பார்த்தவர்கள் சரியான சொல்லையே கண்டதாகச் சொன்னார்கள். அங்கே இல்லாத எழுத்தைத் தெளிவாகப் பார்த்ததாகச் சாதித்தவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பார்த்தார்கள்.

இது எப்படிச் சாத்தியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தகவலியலின் தந்தை கிளாட் ஷானன், ஓர் ஆங்கிலப் பத்தியின் அடுத்த எழுத்து எதுவாக இருக்கும் என்று ஆட்களை ஊகிக்கச் செய்து, 1951இல் முடிவுகளை வெளியிட்டார். மொழியின் பழக்கம் தெரிந்தவர்கள் பெரும்பாலான எழுத்துகளைச் சரியாகவே ஊகித்தார்கள். நீண்ட பத்திகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு, முன்னால் வந்ததிலிருந்தே ஊகிக்கத்தக்கது என்பது அவர் மதிப்பீடு. தமிழுக்கும் இது பொருந்தும். 'விண்ணப்பித்' என்று வந்துவிட்டால் அடுத்து வரக்கூடியவை மிகச் சில. இந்த உபரிதான் மொழியின் பலம். பேருந்து இரைச்சலிலும் பேச்சு புரிவதும், கிழிந்த கடிதத்தைப் படிக்க முடிவதும் அதனால்தான். பிழை ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே.

மிகவும் பழகிய சொல்லில்தான் கண் மிகக் குறைவாகத் தங்குகிறது. ஒரு பத்தியில் வரும் 'டி' எழுத்துகள் அனைத்தையும் வட்டமிடச் சொல்லி ஆலிஸ் ஹீலி 1976இல் சோதித்தபோது, ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் 'தி' என்ற சொல்லில் உள்ள எழுத்தையே வாசகர்கள் அதிகம் தவறவிட்டார்கள். வரலாற்றில் மிகப் பேர்போன அச்சுப் பிழையும் இந்த இனம்தான். 1631இல் லண்டனில் அரச அச்சகத்தாரான ராபர்ட் பார்க்கரும் மார்ட்டின் லூகாஸும் வெளியிட்ட விவிலியத்தில், விபசாரத்தைத் தடுக்கும் கட்டளையிலிருந்து 'நாட்' என்ற சிறு சொல் விழுந்துவிட்டது. தடை ஆணையாக மாறிப்போனது. 300 பவுண்டு அபராதம் விதித்தார்கள், உரிமத்தையும் பறித்தார்கள். போட்டியாளர்களின் சதியோ என்று சந்தேகித்தவர்களும் உண்டு. எனக்குச் சதி தேவைப்படவில்லை. சிறு வயதிலிருந்தே ஊரே மனப்பாடமாக அறிந்த வரி அது. அப்படிப்பட்ட வரியைத் தாளில் யாரும் படிப்பதில்லை, நினைவிலிருந்து படிக்கிறார்கள்.

நாமே எழுதிய எழுத்து நமக்கு மனப்பாட வரிதான். டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெரடித் டேன்மனும் மர்ரே ஸ்டெய்ன்டனும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. மற்றவர் கட்டுரையில் பிழை கண்டுபிடிப்பதைவிடத் தாமே எழுதிய கட்டுரையில் கண்டுபிடிப்பது மாணவர்களுக்குக் கடினமாக இருந்தது. அளவுக்கு மீறிய பரிச்சயமே காரணம் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்தப் பரிச்சயம் மங்க நாள்கள் பிடிக்கும். இரவு பதினோரு மணிக்கு எழுதி, பதினொன்றரைக்குச் சரிபார்த்து, பன்னிரண்டுக்குள் அனுப்புவது நம் கண்ணிடம் முடியாததைக் கேட்பது.

இந்தப் பலவீனங்கள் எல்லாம் ஒரே தாளில் கூடும் இடம்தான் ரெஸ்யூமே. எழுதியவர் நாம், பொருளும் நாம். பெயர், ஊர், கல்லூரி, படித்த ஆண்டு எல்லாம் உறக்கத்திலும் சொல்லக்கூடியவை. அதே ஃபைலை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் திறந்து, ஒரு வரியை மட்டும் மாற்றி அனுப்புகிறோம். மாற்றிய வரியின் முன்பாதி புதியது, பின்பாதி பழையது. சில நேரம் போன வாரம் விண்ணப்பித்த நிறுவனத்தின் பெயர் அப்படியே நிற்கும். நம் ஊரில் இன்னொன்றும் நடக்கிறது. கல்லூரி இறுதியாண்டில் சீனியரின் ஃபைலை வாங்கி, ப்ரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றி அச்செடுப்பது. சீனியரின் அப்பா பெயர் ஒரு மூலையில் தங்கிவிடும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைக்கு வேறு மாதிரி எங்கே கிடைக்கும்? அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கணினியின் ஸ்பெல் செக் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பெரிய உதவிதான். 1964இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிரெட் டேமரோ ஆராய்ந்தபோது, எழுத்துப் பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை நான்கே வகைக்குள் அடங்கின: ஓர் எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவது. ஒரே தவறுதான் என்பதால், கணினிக்கு அருகிலுள்ள சரியான சொல்லைத் தேடிக் கொடுப்பது எளிது. ஆனால் தவறிய சொல்லும் அகராதியில் உள்ள சொல்லாக இருந்துவிட்டால் பழைய வகைச் செயலிக்கு ஒன்றும் தெரியாது. ஆங்கிலத்தில் 'மேனேஜர்' என்ற சொல்லில் ஓர் 'ஏ' விழுந்தால் அது மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் சொல். அகராதியில் இருக்கிறது, சிவப்புக் கோடு வராது. சூழலையும் பார்க்கும் புதிய செயலிகள் இதைப் பிடிக்கின்றன.

தமிழர்களின் ரெஸ்யூமேயில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளில் நம் பெயர், அப்பா பெயர், தெரு, ஊர், மாவட்டம், பள்ளி எதையும் அந்த அகராதி பெரும்பாலும் அறியாது. பெருந்துறை, திருச்செங்கோடு, கோவில்பட்டி எல்லாவற்றின் கீழும் சிவப்புக் கோடு. நாற்பது கோடுகளைப் பொருட்படுத்தாமல் பழகிய கண், நாற்பத்தொன்றாவது கோடு உண்மையான பிழையைச் சுட்டும்போதும் பொருட்படுத்தாது. அதனால் முதல் வேலையாக, சரியான பெயர்களை ஒவ்வொன்றாக அகராதியில் சேர்த்துவிட வேண்டும். அதன் பிறகு மிஞ்சும் கோடுகள் பேசத் தொடங்கும். இன்னொன்று: மைக்ரோசாஃப்ட் வேர்டின் பல பதிப்புகள், முழுக்கப் பெரிய எழுத்துகளில் அமைந்த சொற்களையும் எண் கலந்த சொற்களையும், நாம் அமைப்பை மாற்றாதவரை, சோதிப்பதே இல்லை. ரெஸ்யூமேயின் தலைப்புகளைப் பெரும்பாலும் பெரிய எழுத்துகளில்தான் போடுகிறோம். தாளில் மிகப் பெரிதாகத் தெரியும் சொல்லைக் கருவியும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

இவற்றையெல்லாம்விட ஆபத்தான பிழை எண்களில் இருக்கிறது. 'கணக்காளாராக' என்பது பிழை என்று மொழி தெரிந்தவர் யாரும் சொல்லிவிடலாம். மொழியின் உபரி காட்டிக்கொடுக்கும். எண்களில் உபரி கிடையாது. பத்து இலக்கக் கைபேசி எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் கிடைப்பதும் பெரும்பாலும் முறையான கைபேசி எண்தான். அது வேறு யாருடையதோ.

இந்த அபாயத்தை அறிந்த கணிதர்கள் சில எண்களுக்குள் காவல் வைத்திருக்கிறார்கள். ஆதார் எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னுள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுவது. 1969இல் யாக்கோபஸ் வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணிதர் வகுத்த முறை அது. மனிதர்கள் எண்களை எழுதும்போது என்னென்ன தவறுகள் செய்கிறார்கள் என்பதைத் தொகுத்துப் பார்த்து, ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் தப்பாமல் பிடிக்கும்படி அதை அமைத்தார். ஆதார் எண்ணை மாற்றித் தட்டினால் இணையதளம் உடனே 'செல்லாது' என்று சொல்வது அந்தக் கடைசி இலக்கத்தின் உழைப்பு. புத்தகங்களின் ஐஎஸ்பிஎன் எண்ணிலும் இத்தகைய காவல் இலக்கம் உண்டு.

கைபேசி எண்ணுக்கு இந்தக் காவல் இல்லை. தேர்ந்த மெய்ப்புத் திருத்துநராலும் வெறுமனே பார்த்து அந்தப் பிழையைச் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவாலும் முடியாது. வேலைக்கு எடுக்க விரும்பியவர்கள் அழைக்கிறார்கள், மணி வேறெங்கோ அடிக்கிறது, விண்ணப்பித்தவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். இதற்கு ஒரே வழி, அச்செடுத்த தாளைப் பார்த்து, வீட்டில் இன்னொருவர் தன் போனிலிருந்து அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பது. மின்னஞ்சல் முகவரியையும் தாளிலிருந்தே நகலெடுத்து ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். ரெஸ்யூமேயைச் சரிபார்ப்பதில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த இரண்டையும் செய்துவிட வேண்டும்.

எழுத்துப் பிழைக்கு வேலை தருபவர்கள் எவ்வளவு மதிப்பு வைக்கிறார்கள்? பெல்ஜிய ஆய்வாளர்கள் கற்பனை விண்ணப்பதாரர்களின் குறிப்புகளை 445 ஆள்தேர்வாளர்களிடம் காட்டி, 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஐந்து எழுத்துப் பிழைகள் இருந்த குறிப்புக்கு நேர்காணல் வாய்ப்பு 18.5 சதவீதப் புள்ளிகள் குறைந்தது; இரண்டே பிழைகளுக்கு 7.3 புள்ளிகள். பிழை செய்தவர் அறிவுத்திறனிலும் பொறுப்புணர்விலும் மனிதர்களோடு பழகுவதிலும் குறைந்தவர் என்று ஆள்தேர்வாளர்கள் கருதியது இந்தத் தண்டனைக்கு முக்கியக் காரணம்.

இந்தக் கணிப்பு நியாயமற்றது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பிழை தங்கியதற்கு எழுதியவரின் அறிவுக்குறைவைவிட, மனிதக் கண்ணின் அமைப்பே பெரிய காரணம் என்பதைத்தான் இதுவரை பார்த்தோம். அதிலும் தாய்மொழியல்லாத மொழியில் எழுதிய ஒரு பிள்ளையின் தாளில் இரண்டு எழுத்து பிசகியதை வைத்து அவர் மூளையை எடைபோடுவது சரியல்ல. ஆனாலும் எடைபோடுகிறார்கள். அது மாறும்வரை நம் பிள்ளைகள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும்.

காத்துக்கொள்ளும் வழி, மூளையின் ஊகத்தைத் தடுப்பது. உரக்கப் படிப்பது அதில் நிரூபிக்கப்பட்ட வழி. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், வாய்விட்டுப் படித்தவர்கள் கூடுதல் பிழைகளைக் கண்டார்கள். படிக்கக் கடினமான எழுத்துருவுக்கு மாற்றினால் கவனம் கூடும் என்ற நம்பிக்கையையும் அவர்கள் சோதித்தார்கள். அது பலன் தரவில்லை. வாய்விட்டுப் படிக்கும்போது கண்ணால் சொல்லைத் தாண்ட முடியாது. நாக்கு ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறது.

ஈய எழுத்துக் கோத்த காலத்து அச்சகங்கள் ஆய்வு எதுவும் இல்லாமலே இதை அறிந்திருந்தன. புரூஃப் பார்ப்பது இருவர் வேலை. காப்பி ஹோல்டர் என்பவர் மூலப்படியைக் கையில் வைத்து, கமா, முற்றுப்புள்ளி உட்பட உரக்கப் படிப்பார்; புரூஃப் ரீடர் அச்சுத்தாளில் விரலோட்டி ஒப்பிடுவார். படிப்பவருக்கு அச்சுத்தாள் தெரியாது; பார்ப்பவருக்கு ஊகிக்க இடமில்லை. அத்தனைக்குப் பிறகும் பழைய தமிழ் நூல்களின் கடைசியில் 'பிழை, திருத்தம்' என்று ஒரு பட்டியல் இருக்கும்.

இந்த முறையை வீட்டிலேயே செய்யலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் ஒருவர் கையில், ரெஸ்யூமே இன்னொருவர் கையில். பெயரின் ஆங்கில எழுத்துகள், இனிஷியல், பிறந்த தேதி, பதிவு எண், தேர்ச்சி பெற்ற ஆண்டு எல்லாவற்றையும் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹெச்' ஒன்று கூடுவதும் 'ஏ' ஒன்று குறைவதும் சாதாரணம். சான்றிதழோடு பொருந்தாவிட்டால் வேலை கிடைத்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். படித்துச் சொல்ல எட்டாம் வகுப்புத் தங்கை போதும். பட்டதாரி அண்ணனைவிட அவள் இதற்குப் பொருத்தமானவள் என்றே நினைக்கிறேன். அந்தப் படிப்புகளின், நிறுவனங்களின் பெயர்கள் அவளுக்குப் பழக்கமில்லை. அதனால் ஊகிக்க மாட்டாள். இருப்பதை இருக்கிறபடி படிப்பாள்.

கடைசியாக, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எழுதியவரின் கண்ணுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நீங்கள் பெரிய ஆங்கிலப் புலமை பெற்றிருக்க வேண்டியதில்லை, அந்தத் தாளை எழுதாதவராக இருந்தால் போதும். உங்கள் தெருவிலோ உறவிலோ வேலை தேடும் பிள்ளை ஒன்று இருந்தால், அதன் ரெஸ்யூமேயை நீங்களே கேட்டு வாங்கி, வாய்விட்டு ஒரு முறை படித்து, அதிலுள்ள எண்ணுக்கு ஒரு முறை போன் போட்டுப் பாருங்கள்.